இனிஷியல் எங்கே, ஊர் எங்கே: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு ப்ரொஃபைல் கையேடு

"சத்துவாச்சாரியில டெய்லர் கடை வெச்சிருந்தாரே, அவரோட ரெண்டாவது பொண்ணு." நம் பக்கத்தில் ஒருவரை அடையாளம் சொல்ல இது போதும். அப்பா, தெரு, தொழில் மூன்றும் வந்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் கேட்பது வேறு. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், ஒரு வட்டப் படம், நாலு வரி பயோ. குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காகச் செய்த கட்டங்கள் அவை. இனிஷியலோடு வாழ்கிறவர்களுக்கு அளவெடுத்துத் தைத்தவை அல்ல. அதனால்தான் நம்மவர்களின் ப்ரொஃபைல்களில் பாதி, பழைய சிநேகிதர் தேடினால் அகப்படாது. அறிமுகமே இல்லாதவருக்கு மட்டும் வீட்டு வாசல்வரை வழி சொல்லும்.

போனைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தக் கணக்கைத் தேடி யார் வரவேண்டும்? பள்ளித் தோழியா, வேலை கொடுப்பவரா, பிளவுஸ் தைக்கக் கொடுப்பவரா? ஒரு கணக்குக்கு ஒரு பதில்தான். மூன்று பேருக்கும் ஒரே கணக்கு என்றால் மூன்று பேருக்குமே அது உதவாது. குழந்தையின் காதுகுத்துப் படமும் ஆரி ஒர்க் விலைப்பட்டியலும் ஒரே இடத்தில் கிடந்தால், வாடிக்கையாளருக்குக் குழந்தை தேவையில்லை, சொந்தக்காரருக்கு விலைப்பட்டியல் தேவையில்லை.

பெயர்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மு. கவிதா என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அப்பா பெயர் முருகன்.

வழக்கமாகச் செய்யும் தவறு, எழுதும் வரிசையிலேயே நிரப்புவது: ஃபர்ஸ்ட் நேமில் 'எம்', லாஸ்ட் நேமில் 'கவிதா'. திரையில் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்கு அழைக்கும் மெயில்கள் ஃபர்ஸ்ட் நேமைத்தான் எடுத்துக்கொள்ளும். 'டியர் எம்' என்று கடிதம் வரும். இரண்டாவது வழி, ஃபர்ஸ்ட் நேமில் 'கவிதா', லாஸ்ட் நேமில் 'முருகன்'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியவர்களுக்கு இது பொருந்தும். வெளிநாட்டுக்காரர் 'மிஸ் முருகன்' என்று கூப்பிடுவார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஃபர்ஸ்ட் நேமில் 'கவிதா', லாஸ்ட் நேமில் 'எம்' மட்டும். உள்ளூரிலும் சென்னை, பெங்களூரு கம்பெனிகளிலும் வேலை தேடுகிறவர்களுக்கு இதையே சொல்வோம். பார்த்ததும் இனிஷியல் என்று புரியும், யாரும் குழம்ப மாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாஸ்ட் நேம் கட்டம் காலியாக நிற்கக் கூடாது என்பதற்காகவே சாதிப் பெயரைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து விடச் சொன்னது. தமிழ்நாட்டில் பெருவாரியானவர்கள் விட்டார்கள். தாத்தா கழற்றி வைத்ததைப் பேரன் ஒரு ஆப் கேட்டதற்காக எடுத்து மாட்டிக்கொள்கிறான். இனிஷியல் ஓர் எழுத்து இருக்கிறதே, அதைப் போட்டால் கட்டம் நிரம்பிவிடும்.

ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே வையுங்கள். ஜோதி, சண்முகம், திலகவதி போன்ற பெயர்களை நாலு விதமாக எழுதலாம். ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, ப்ரொஃபைலில் ஒன்று என்றிருந்தால் சிக்கல் வரும் நாள் ஒன்று உண்டு: கணக்கு முடக்கப்பட்டு, அடையாள அட்டை காட்டச் சொல்லும் நாள். அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கு திரும்பக் கிடைப்பது கஷ்டம். லிங்க்ட்இன்னில் சரிபார்ப்பு முத்திரை வாங்க டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் காட்டும்போதும் இதே கதைதான். நியூமராலஜிக்காகச் சேர்த்த கூடுதல் 'ஏ'யும் 'ஹெச்'சும் அட்டையில் இல்லையென்றால் ப்ரொஃபைலிலும் வேண்டாம்.

தமிழில் எழுதும்போது இனிஷியலும் தமிழாகவே இருக்கட்டும்: 'எம். கவிதா' அல்ல, 'மு. கவிதா'. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களிலும் அரசு ஆவணங்களிலும் இனிஷியலைத் தமிழிலேயே எழுதவேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே வந்திருக்கிறது.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குணம் உண்டு. ஃபேஸ்புக் ஒரே பெயரில் இரண்டு மொழி எழுத்துகளைக் கலக்க விடாது, 'டாக்டர்' மாதிரி பட்டமும் ஏற்காது, ஒருமுறை பெயரை மாற்றினால் 60 நாள் காத்திருக்கச் சொல்லும். அங்கே தமிழ்ப் பெயரை 'பிற பெயர்கள்' பகுதியில் சேர்க்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள் பழைய பெயரையும் அதே பகுதியில் போட்டுவைத்தால், பள்ளிக்கூடத்துத் தோழிகள் பழைய பெயரில் தேடும்போதும் கிடைப்பார்கள். இன்ஸ்டாகிராமில் பெயர்க் கட்டத்தில் இரண்டு மொழியையும் எழுதலாம். தேடும்போது அந்தக் கட்டத்தையும் பார்க்கும். 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடும், ஆகவே எழுத்துப் பிழை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

ஃபேன்சி எழுத்து வேண்டவே வேண்டாம். சாய்ந்த, தடித்த, கட்டம் கட்டிய ஆங்கில எழுத்துகளைத் தரும் ஆப்கள் உண்மையில் தருவது எழுத்தல்ல, கணிதக் குறியீடுகள். தேடல் பலநேரம் கோட்டைவிடும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் டாக்பேக் அதைக் குறியீடு குறியீடாக வாசித்துத் திணறும், அல்லது வாசிக்காமலே தாண்டிப்போகும்.

யூசர்நேம்

எல்லாத் தளத்திலும் ஒரே யூசர்நேம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு எல்லாத் தளமும் ஒப்புக்கொள்ளும் அளவைப் பிடிக்க வேண்டும். எக்ஸ் தளத்தில் உச்சவரம்பு 15 எழுத்து, புள்ளி செல்லாது. இன்ஸ்டாகிராமில் 30, புள்ளியும் அடிக்கோடும் செல்லும். ஃபேஸ்புக்கில் புள்ளி செல்லும், அடிக்கோடு செல்லாது, குறைந்தது 5 எழுத்து வேண்டும். ஆக, 5 முதல் 15 வரை, ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். இந்த வரம்புக்குள் வைத்தால் எங்கும் இடிக்காது.

பெயர் கிடைக்காவிட்டால் பின்னால் பிறந்த வருஷத்தைச் சேர்ப்பது வழக்கம். வேண்டாம், பிறந்தநாள் வாழ்த்துகளோடு அதைச் சேர்த்துப் பார்த்தால் முழுப் பிறந்த தேதியும் வெளியே வந்துவிடும். ஊர்ப் பெயரின் சுருக்கமோ தொழிலோ சேர்க்கலாம். வண்டி நம்பரின் 23ஐச் சேர்க்கும் பழக்கம் நம் பையன்களிடம் உண்டு. வேலூர் ஆர்டிஓவின் எண் அது என்பது ஊர்க்காரர்களுக்குப் புரியும், கெடுதல் இல்லை. ராணிப்பேட்டைக்காரர் என்றால் 73, வாணியம்பாடிப் பக்கம் என்றால் 83. ஊர்ப் பெருமையிலும் எண் சரியாக இருக்கவேண்டும் அல்லவா.

யூசர்நேமை விசிட்டிங் கார்டிலோ கடைப் பலகையிலோ அச்சடித்த பிறகு மாற்றாதீர்கள். இன்ஸ்டாகிராமில் பழைய பெயர் 14 நாளுக்குத்தான் உங்களுக்காகக் காத்திருக்கும். அதன்பின் வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கார்டைப் பார்த்து வருகிற வாடிக்கையாளர் அவரிடம் போய் நிற்பார்.

ஊர்

இது நம் மாவட்டத்துக்கே உரிய தலைவலி. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆம்பூர்க்காரர் ஒருவரின் பழைய கணக்கில் 'வேலூர் மாவட்டம்', ஆதாரில் ஒன்று, கடை ஜிஎஸ்டியில் ஒன்று என்று கிடக்கும். கடை அல்லது தொழில் கணக்கில் இப்போதைய மாவட்டத்தையே போடுங்கள். கூரியர், கூகுள் மேப், அரசு விண்ணப்பம் மூன்றுக்கும் அதுதான் கணக்கு. சொந்தக் கணக்கில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் மாவட்டம் தேவையில்லை, ஆம்பூர் என்றால் ஆம்பூர்தான். வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் சொல்லும்போது மட்டும் 'வேலூர் அருகே' என்று சேர்க்கலாம். சிஎம்சியாலும் விஐடியாலும் வேலூரை அவர்களுக்குத் தெரியும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் கவனம். திருப்பத்தூர் என்று அடித்தால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும் வந்து நிற்கும். வேலூர் என்று அடித்தால் நாமக்கல் பக்கத்துப் பரமத்தி வேலூர் தலைகாட்டலாம். அவசரத்தில் அழுத்திவிட்டு, பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் பரிந்துரையில் வரவில்லையே என்று யோசிப்பதில் பயனில்லை. ஆங்கிலத்தில் வேலூருக்கு இரண்டு 'எல்'. 2020இல் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஓர் ஆணை வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சமயத்தில் ஆர்வமாக மாற்றியவர்கள் பழைய ஸ்பெல்லிங்குக்கே திரும்பிவிடலாம்.

ஊரையே பெயருக்கு முன்னால் வைப்பது நம் பக்கத்துப் பழைய பழக்கம். அரசியலில் ஆற்காடு வீராசாமி என்றுதானே எல்லோரும் அறிவார்கள். பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம், யூடியூப் சமையல் என்று மேடை உள்ளவர்களுக்கு இது இன்றும் நன்றாக வேலை செய்யும். வீட்டிலிருக்கும் சாதாரணக் கணக்குக்கு ஊர் போதும். தெரு பெயர் வேண்டாம்.

பயோ

முதலில் எண்ணிக்கை. இன்ஸ்டாகிராம் 150, எக்ஸ் 160, ஃபேஸ்புக் 101, வாட்ஸ்அப் 'அபவுட்' 139, லிங்க்ட்இன் தலைப்பு வரி 220. இந்த எண்கள் தமிழுக்குச் சுருங்கிவிடும், ஏன் என்று பாருங்கள். 'குடியாத்தம்' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து: கு, டி, யா, த், த, ம். கணினிக்கு அது 11. 'கு' என்பது க-வும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு. 'த்' என்பது த-வும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. தனியாக நிற்கும் 'த' மட்டும் ஒன்று. 'வேலூர்' 3 எழுத்து, கணக்கில் 6. எனவே 150 என்றால் தமிழில் ஏறக்குறைய 85 முதல் 95 எழுத்து என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதற்கு இதுதான் காரணம், போன் கோளாறு அல்ல.

குடியாத்தத்தில் வீட்டிலேயே தைக்கும் ஒருவருக்கு வழக்கமாக எழுதித் தரப்படும் பயோ இப்படி இருக்கும்: 'கனவுகளைத் தைக்கும் கைகள், உங்கள் அழகே எங்கள் மகிழ்ச்சி', கூடவே ஆறு இதயம், ஒரு கிரீடம். படிக்கிறவருக்கு ஊரும் தெரியாது, என்ன தைப்பார் என்றும் தெரியாது. அதையே இப்படி எழுதலாம்:

ஆரி ஒர்க், பிளவுஸ் தையல்
குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு அருகில்
அளவு பிளவுஸ் அவசியம்
7 நாளில் தயார்
ஞாயிறு லீவு

வரி மாற்றங்களையும் சேர்த்து இது 105. மீதம் 45இல் ஆங்கிலத்திலும் 'ஆரி ஒர்க், குடியாத்தம்' என்று ஒரு வரி போடலாம், ஆங்கிலத்தில் தேடுகிறவரும் புரிந்துகொள்வார். 'அளவு பிளவுஸ் அவசியம்' என்ற மூன்று சொல், நாளுக்குப் பத்து முறை வரும் ஒரே கேள்விக்குப் பதில். நல்ல பயோவை எழுத எளிய வழி இதுதான்: வாடிக்கையாளர் முதலில் கேட்கும் மூன்று கேள்வியை எழுதுங்கள், கேள்வியை அழித்துவிட்டுப் பதிலை மட்டும் வையுங்கள்.

வேலூர் நகரத்தில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை நடத்துகிறவர்கள் மொழியைப் பற்றி யோசிக்க வேண்டும். வைத்தியத்துக்கு வருகிறவர்களில் வங்காளம், வடகிழக்குப் பக்கத்திலிருந்து வருவோர் ஏராளம். கடைப்பலகையில் வங்காளியும் இந்தியும் எழுதிவிட்டு, ப்ரொஃபைலில் தமிழ் மட்டும் வைப்பது பாதிக் கதவை மூடுவது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் உருது, சித்தூர் எல்லையோரம் தெலுங்கு. ஒரே ஒரு வரி அந்த மொழியில் இருந்தாலே போதும். அந்த மொழி தெரிந்தவரைக் கொண்டு எழுதுங்கள், மொழிபெயர்ப்பு ஆப் 'அறை வாடகை'யை என்னவாக்கும் என்று சொல்லமுடியாது.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய தமிழை அப்படியே ஒட்டாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், போனில் அது புரியாத ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது போனிலேயே அடியுங்கள்.

வேலை தேடுகிறவர்களின் லிங்க்ட்இன் தலைப்பு வரியில் சொல்ல வேண்டியது எண்ணிக்கை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் இருப்பவர்கள் 'லெதர் ஃபீல்டில் அனுபவம்' என்று விட்டுவிடுகிறார்கள். கட்டிங்கா, க்ளோசிங்கா, லாஸ்டிங்கா, ஃபினிஷிங்கா? எத்தனை வருஷம்? உங்கள் லைனில் எத்தனை மெஷின், நாளுக்கு எத்தனை ஜோடி? 'ஷூ அப்பர் க்ளோசிங் சூப்பர்வைசர், 8 வருடம், 40 பேர் லைன், ஆம்பூர்' என்ற ஒரு வரிக்கு, அந்தத் தொழில் தெரிந்த ஹெச்ஆர் உடனே நின்று பார்ப்பார். எந்த வெளிநாட்டு பிராண்டுக்குத் தைக்கிறீர்கள் என்பதை மட்டும், கம்பெனியில் கேட்காமல் எழுதாதீர்கள். பல ஒப்பந்தங்களில் அது வெளியே சொல்லக் கூடாத விஷயம்.

மாணவர்களுக்குச் சுருக்கமாக: கல்லூரி, பாடம், முடிக்கும் வருஷம், செய்த ஒரு ப்ராஜெக்ட். 'கற்றுக்கொண்டே இருப்பவன்' என்பதெல்லாம் எல்லோருடைய பயோவிலும் இருக்கிறது.

சிங்கம், வாள், தீ, குறிப்பிட்ட கலர் கயிறு, 'பரம்பரை', 'வம்சம்'. போடுகிறவர்கள் இதைச் சூசகம் என்று நினைக்கிறார்கள். வட ஆற்காட்டில் அதைப் படிக்கத் தெரியாத ஆள் இல்லை. சொந்தக் கணக்கில் போட்டுவிட்டு, அதே பெயரில் வேலைக்கு விண்ணப்பித்தால் எதிர்ப்பக்கம் இருப்பவர் இரண்டையும் பார்ப்பார்.

படம்

போனில் டிபி ஒரு செமீ வட்டம். அந்த அளவில் முகம் தெரிய வேண்டுமானால் படத்தில் பாதிக்கு மேல் முகமும் தோளுமாக இருக்கவேண்டும். கோட்டை அகழி பின்னால், நீங்கள் முன்னால், முழு உருவம் என்று எடுத்த படம் ஊருக்குப் பெருமை; வட்டத்துக்குள் அகழிதான் தெரியும், ஆள் தெரியாது. அதை கவர் படமாக வையுங்கள்.

வேலூர் வெயிலில் பகல் 12 மணிக்கு எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும், கண்ணைச் சுருக்காமல் நிற்கவும் முடியாது. சாயங்காலம் நாலரைக்கு மேல் திண்ணையிலோ, ஜன்னலுக்கு எதிரே முகம் வைத்தோ நில்லுங்கள். லென்ஸை வேட்டி ஓரத்தால் துடையுங்கள். மங்கலான டிபிகளில் பாதி எண்ணெய்க் கை பட்டவை. வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டை போட்டால் தலை மட்டும் மிதக்கும். 1080க்கு 1080 சதுரமாக வெட்டி, முகத்துக்கு நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள், வட்டம் மூலைகளைத் தின்றுவிடும்.

படத்தின் பின்னணியையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தில் தொங்கும் ஆஸ்பத்திரி ஐடி கார்டு, பிள்ளையின் யூனிஃபார்மில் பள்ளிப் பெயர், வண்டி நம்பர், வீட்டுக் கதவு எண். பயோவில் மறைத்ததெல்லாம் இங்கே எழுதியிருக்கும்.

முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் பூவையும் சாமியையும் வைப்பது தவறில்லை. ஆனால் ஒரே பூவை ஆயிரம் பேர் வைத்திருப்பதால் உங்கள் பெயரில் போலிக் கணக்கு திறப்பது மிகச் சுலபம். கையால் போட்ட கோலம், வளர்த்த செடி, தைத்த துணி என்று உங்களிடம் மட்டுமே உள்ள ஒன்றை வையுங்கள்.

பூட்டு

ஃபேஸ்புக்கில் ப்ரொஃபைலைப் பூட்டும் வசதி 2020 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது. ப்ரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டால் இருக்கும். பூட்டினால் நண்பர் அல்லாதவருக்குப் பதிவுகளும் பெரிய படங்களும் தெரியாது. பெயரும் சிறிய டிபியும் தெரியும் என்பதால் தோழிகள் உங்களைக் கண்டுகொள்வார்கள். போன் நம்பர், பிறந்த வருஷம் இரண்டையும் 'நான் மட்டும்' என்று தனியாக மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் டிபியை 'என் தொடர்புகள்' என்று வையுங்கள். கேஸ் சிலிண்டருக்கும் லாட்ஜ் ரிஜிஸ்டருக்கும் கொடுத்த நம்பரை வைத்து யார் வேண்டுமானாலும் உங்கள் குடும்பப் படத்தைப் பார்க்கலாம், இல்லாவிட்டால். தொழில் கணக்கை மட்டும் பூட்டாதீர்கள்.

உங்கள் படத்தையும் பெயரையும் வைத்து யாராவது கணக்கு திறந்தால், முதலில் ஸ்க்ரீன்ஷாட், யூசர்நேம், லிங்க் மூன்றையும் சேமியுங்கள். ரிப்போர்ட் செய்தபின் அது மறைந்துவிடும், சாட்சி இருக்காது. பிறகு அந்தக் கணக்கின் மூன்று புள்ளி வழியே, வேறொருவராக நடிக்கிறார், அது நான்தான் என்று தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள். நாலு நண்பர்களையும் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு பணம் கேட்டு யாராவது கொடுத்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

எல்லாம் முடிந்ததும் வேறொருவரின் போனை வாங்கி, அவர் கணக்கிலிருந்து உங்கள் பெயரைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, பெயரோடு ஊரைச் சேர்த்து ஒருமுறை தேடுங்கள். காலேஜ் நாளில் 'கிங்', 'ஏஞ்சல்' என்று பெயர் வைத்துத் திறந்த பழைய கணக்கு அப்போதுதான் முதலில் வந்து நிற்கும். பாஸ்வேர்டு இருந்தால் உள்ளே போய் நல்ல படங்களை இறக்கிக்கொண்டு நீக்கக் கொடுங்கள். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 30 நாள் வைத்திருந்துதான் நீக்கும். அதற்குள் ஆசைக்கு ஒருமுறை லாகின் செய்து, நீக்குவதை நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.